இதை எழுதாதே

அந்தக் குழுவுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. துண்டறிக்கையின் தலையில் அச்சடித்தால் இரண்டு வரி பிடிக்கும். தெருவில் ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பூட்டு உடைக்கிற கோஷ்டி' என்பதுதான் அவர்களுக்கு வாய்த்த பெயர். சிறையில் வருஷக்கணக்காகக் கிடப்பவர்களை வெளியே கொண்டுவர வேண்டும், முடிந்தால் சிறைகளையே இழுத்து மூடிவிட வேண்டும் என்று ஓயாமல் பேசுகிற ஏழு பேர். கூட்டம் நடப்பது ஜெராக்ஸ் கடையின் பின்னறையில், பேப்பர் கட்டுகளுக்கு நடுவில். அந்தக் கடையின் ஷட்டருக்கு இரண்டு பூட்டு. அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை.

கடைக்காரியை ஊரே ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடும். அவள் கோஷ்டியில் சேர்ந்தது கொள்கை பிடித்துப்போய் அல்ல. ஒருநாள் கோஷ்டியை நடத்துகிற வக்கீலம்மா ஒரு மனுவை இருநூறு பிரதி எடுக்கக் கொண்டுவந்தார். முதல் பக்கத்திலேயே நாலு பிழை. கை சும்மா இருக்குமா? திருத்திக் கொடுத்தாள். அடுத்த மனுவைத் திருத்தச் சொன்னார்கள், அதற்கடுத்ததை எழுதவே சொன்னார்கள், கடைசியில் கடித வேலை மொத்தத்தையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். உள்ளே இருப்பவன் என்ன செய்தான் என்று கேட்கக் கூடாது. செய்தானா இல்லையா என்று கிண்ட ஆரம்பித்தால் நாமும் இன்னொரு கோர்ட்டாகிவிடுவோம் என்பார் வக்கீலம்மா. ஜெராக்ஸ் அக்காவுக்கு அது முதலில் தொண்டையில் சிக்கிய மாதிரி இருந்தது, பிறகு பழகிப்போனது. கேட்காமல் இருப்பது சுலபமாகத்தான் இருந்தது, யாரும் தானாகச் சொல்லாத வரைக்கும்.

பெரியம்மா குழுவில் ஆள் இல்லை. குழு யாருக்காக மனுப் போட்டதோ அவனுடைய தாய். பிள்ளைகள் இருவர். மூத்தவனைப் பெரியவன் என்றும் இளையவனைச் சின்னவன் என்றும் கூப்பிடுவாள். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், வீட்டுக்கு மாடி எழுப்பிக்கொண்டிருந்தபோது, கைப்பிடி இல்லாத புதுப் படிக்கட்டிலிருந்து விழுந்து பெரியவன் செத்தான். தம்பி தள்ளிவிட்டான் என்றது போலீஸ். அண்ணனுக்குக் கால் வழுக்கியது என்றான் சின்னவன். கோர்ட் போலீஸை நம்பியது, பெரியம்மா சின்னவனை நம்பினாள். மாடி அதோடு நின்றுபோயிற்று. படிக்கட்டு மட்டும் வீட்டுக்குள்ளிருந்து மேலே ஏறி, வெறும் வானத்தில் போய் முடிந்தது.

பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காது மந்தம், அதனால் போன் உதவாது. முழங்கால் மக்கர் பண்ணியதால் ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் மகனைப் பார்ப்பதும் நின்றுபோனது. மிச்சம் இருந்தது கடிதம் ஒன்றுதான். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஜெராக்ஸ் அக்கா அவள் வீட்டுக்குப் போவாள். கட்டிலை ஒட்டி ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து சின்னவன் எழுதியதைக் கத்தி வாசித்துக் காட்டுவாள், பிறகு பெரியம்மா சொல்லச் சொல்ல பதில் எழுதுவாள்.

பெரியம்மா கடிதம் சொல்கிற விதமே தனி. "உடம்பைப் பாத்துக்கோ, எழுதிக்கோ. பக்கத்து வீட்டுக்காரி தண்ணிக்குழாய்க்குச் சண்டை போட்டா, இதை எழுதாதே. முழங்கால் தேவலை, எழுதிக்கோ. படுத்தா வலியில உயிர் போகுது, இதை எழுதாதே." எழுதியது ஒரு பக்கம் வந்தால் எழுதாதது பத்துப் பக்கம் வரும். அந்த ஒரு பக்கம் தபாலில் போய்விடும். பத்துப் பக்கமும் ஜெராக்ஸ் அக்காவோடு வீட்டுக்கு வந்து, அவளோடு சாப்பிட்டு, அவளோடு படுத்துக்கொள்ளும்.

குழுவின் சட்டத்தைக் கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"செஞ்சிருந்தாலும் விடணும்னு சொல்றீங்களாமே, நல்ல கூத்து. எம்புள்ள செய்யலை, அதனால விடணும். அவ்வளவுதான்." பிறகு சிரிப்பு நின்றது. "செஞ்சிருந்தான்னு வையி, இந்த வாசல்ல கால் வைக்க விட மாட்டேன். செத்தவனையும் இந்த வயித்துலதானே சுமந்தேன். இதை எழுதாதே."

அவள் எழுதவில்லை.

யாரை முன்கூட்டி விடலாம் என்று முடிவு செய்கிற சர்க்கார் குழுவுக்கு மனுப் போனது. வெளியே வருகிறவனை ஏற்றுக்கொள்ள ரத்த உறவு ஒருவர் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதிகாரி வந்து வீட்டைப் பார்த்து, பெரியம்மாவின் கைநாட்டை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதமே முடிவு வந்துவிடும் என்றார். சரியாகப் பதினோராவது நாள், பெரியம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். முதலில் பார்த்தது ஜெராக்ஸ் அக்காதான். அன்றைக்குச் சனிக்கிழமை.

அடக்கத்தைக் குழுவே செய்தது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேறு ஆள் இல்லை. முடித்துவிட்டு வந்து பின்னறையில் உட்கார்ந்தபோது வக்கீலம்மா நிலவரத்தைப் போட்டு உடைத்தார். ஏற்க ஆள் இல்லையென்றால் மனு முதலிலிருந்து ஆரம்பிக்கும். போன தடவை ஒருவனுக்கு அப்படி ஆகி நாலு வருஷம் இழுத்தது, மூன்றாவது வருஷம் அவன் உள்ளேயே செத்தான். சின்னவன் வெளியே வந்துவிட்டால் அப்புறம் வக்கீல் என்ற முறையில் தானே அவனுக்குப் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்துவிடலாம், அதுவரைக்கும்தான் ரத்த உறவு வேண்டும், அதுவரைக்கும் பெரியம்மா செத்தது வெளியே தெரியக் கூடாது என்றார்.

மகனுக்காவது சொல்ல வேண்டாமா என்று கேட்டாள் ஜெராக்ஸ் அக்கா. எப்படிச் சொல்வது? கடிதங்களை அங்கே பிரித்துப் படித்து முத்திரை குத்தித்தான் உள்ளே விடுவார்கள். போய்ப் பார்த்துச் சொன்னால் பக்கத்தில் காவலர் நிற்பார். கடிதம் நின்றுபோனாலும் விசாரிப்பார்கள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கையெழுத்து எப்போதும் அவளுடையதுதானே என்று ஒருவர் மெல்ல இழுத்தார்.

ஒரு மாதம்தானே என்று ஒப்புக்கொண்டாள். ஒரு மாதம் பதினோரு மாதம் ஆனது.

முதல் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள். துண்டறிக்கை மாதிரி வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, சனிக்கிழமை மூன்று மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். வெறும் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வரி எழுதியிருப்பாள்.

"எழுதினியா?"

சடாரென்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. படிக்கட்டு வழியாக வெளிச்சம் இறங்கிக் கட்டிலில் விழுந்திருந்தது. எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை, எழுதினாள். அந்தக் குரல் வெளியிலிருந்து வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமாக அவளுக்குள் சேர்ந்து கிடந்த எழுதாத பக்கங்கள்தான் பேசின. தெரிந்து என்ன, பயம் போய்விடுமா? இருந்தும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பூட்டைத் திறந்தாள். உட்கார்ந்த மாத்திரத்தில் குரல் வந்துவிடும். எழுதிக்கோ, இதை எழுதாதே, எழுதிக்கோ.

நாளாக ஆக அது வீட்டோடு நிற்கவில்லை. மிஷினில் பேப்பர் மாட்டும்போது முழங்கால் வலித்தது. வாடிக்கையாளர் கேட்டது காதில் விழாமல் "என்ன?" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரியைத் தெருவில் பார்த்தபோது, தண்ணிக்குழாய்ச் சண்டை தன்னுடையது போலக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சின்னவனின் கடிதங்களை வெறும் கட்டிலுக்கு முன்னால் கத்தி வாசித்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் 'எழுதித் தரும் அக்காவுக்கு வணக்கம்' என்று இருக்கும். அந்த வரி வரும்போது மட்டும் அவள் தானாக இருந்தாள்.

பெரியம்மா போய் ஏழாவது மாதம் கடைக்கு ஒரு தச்சர் வந்தார். உள்ளே பன்னிரண்டு வருஷம் இருந்தவர், அங்கேயே தச்சு வேலை கற்றவர், குழுவின் மனுவால் அந்த வாரம்தான் வெளியே வந்தவர். செருப்பின் அடித்தோலைப் பிரித்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். சின்னவன் அவனுடைய அம்மாவுக்குக் கொடுத்தனுப்பியது, தான் படிக்கவில்லை என்றார். பெரியம்மா இறந்தது அவருக்கும் அவள் சொல்லித்தான் தெரிந்தது. பிரித்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜெராக்ஸ் அக்கா தாளைப் பிரித்தாள், முதல் வரியே அவளுக்கு எழுதியதாக இருந்தது. அக்கா, நடுவில் நிறுத்தாமல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். கீழே அம்மாவுக்கு.

அண்ணனுக்குக் கால் வழுக்கவில்லை அம்மா. நான்தான் தள்ளினேன். மாடி யாருக்கு என்று பேச்சு வந்தது. அவன் சிரித்தான். தள்ளிவிட்டேன். விழுந்த பிறகும் அவனுக்கு உயிர் இருந்தது. தம்பி, தம்பி என்று கூப்பிட்டான். நான் இறங்கவில்லை. அவன் கூப்பிடுவதை நிறுத்துகிற வரைக்கும் மேல்படியிலேயே நின்றேன். இதைச் சொல்லாமல் உன் வீட்டுக்குள் வர எனக்கு முடியாது. என்னை ஏற்றுக்கொள்வாய் என்றால், படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டாயிற்று என்று அடுத்த கடிதத்தில் எழுதச் சொல். அது இல்லையென்றால் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உன்மேல் கோபப்பட மாட்டேன்.

ஜெராக்ஸ் அக்கா அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஐந்து நாள் அலைந்தாள். வக்கீலம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று தெரியும். அவன் செய்தது நமக்கு வேண்டாம், அவன் அங்கே கிடப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பார். நியாயம்தான். அவளே எத்தனை துண்டறிக்கையில் அப்படி எழுதியிருக்கிறாள்! ஆனால் இந்தக் கேள்வி குழுவுக்கு வந்தது அல்லவே, ஒரு தாய்க்கு வந்தது. அந்தத் தாயின் பதிலும் அவளிடம் இருந்தது. எழுதாதே என்று சொல்லிக் கொடுத்த பதில்.

சனிக்கிழமை போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்தக் கடிதத்தை மட்டும் வாசிக்கவில்லை. பையைத் திறக்கக்கூட இல்லை. கட்டிலுக்குத் தெரியக் கூடாது என்று பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தாள். செத்தவளிடம் மறைக்கிறோமே என்று அவளுக்கே அவமானமாக இருந்தது.

"எழுதினியா?" என்றது குரல்.

அவன் உள்ளே கிடந்த பதின்மூன்று வருஷத்தை நினைத்தாள். மேல்படியில் நின்றவனை நினைத்தாள். கீழே கிடந்து கூப்பிட்டவனையும் நினைத்தாள். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியவில்லை. கடைசியில் அவளை எழுத வைத்தது கொள்கையும் இல்லை, நியாயமும் இல்லை. மூன்றரை வருஷம் அவனுக்கு உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறாள். அவன் வர வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். 'படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டாயிற்று' என்று எழுதினாள்.

எழுதினியா என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் குரல் வரவே இல்லை. முழங்கால் வலியும் போய்விட்டது. நிம்மதியாக இருக்க வேண்டியவள், துரத்திவிட்ட மாதிரி குன்றிப்போனாள். மிச்சம் நாலு மாதக் கடிதங்களையும் அவளாகவே எழுதினாள். துண்டறிக்கை மாதிரிதான் வந்தன.

எழுதியது பொய்யாக நிற்க வேண்டாம் என்று தச்சரைக் கூப்பிட்டு நிஜமாகவே கைப்பிடி போடச் சொன்னாள். எங்கேயும் போகாத படிக்கட்டுக்கு எதற்குக் கைப்பிடி என்று அவர் கேட்டிருக்கலாம். குழுவின் சட்டத்தை மதித்து வாயை மூடிக்கொண்டு, இரண்டு நாளில் வழவழவென்று இழைத்துப் பொருத்திவிட்டுப் போனார்.

பதினோராவது மாதம் உத்தரவு வந்தது.

சிறை வாசலுக்கு வக்கீலம்மாவும் வந்திருந்தார். அம்மா போன விஷயத்தைத் தானே சொல்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டவள் ஜெராக்ஸ் அக்காதான். ஒரு துணிப்பையோடு சின்னவன் வெளியே வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. அவளை அவன் முன்பின் பார்த்ததில்லை, இருந்தும் நேரே வந்து, "எழுதித் தர்ற அக்காவா?" என்றான். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் தேடினான். அவள் சொன்னாள். தேதியையும் சேர்த்துச் சொன்னாள். அவன் அழவில்லை. வண்டியில் ஆறு மணி நேரமும் விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தான். மாதங்களை எண்ணுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

வக்கீலம்மா பொறுப்பேற்பு எழுதிக் கொடுக்க ஆபீசில் இறங்கிக்கொண்டார். வீட்டுக்கு இருவர்தான் வந்தார்கள். மத்தியான வெயில். அவள் பூட்டைத் திறந்து இரண்டு கதவையும் அகலத் தள்ளினாள். உள்ளே படிக்கட்டும் புதுக் கைப்பிடியும் தெரிந்தன. அவன் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டான்.

"தச்சர்கிட்ட நான் கொடுத்தனுப்பினப்போ, அம்மா இல்லை."

"இல்லை."

"அப்போ கைப்பிடி?"

"நான்தான் எழுதினேன்."

அவன் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க, அக்கா?"

'ஓடி வந்து கட்டிக்கிட்டிருப்பாங்க, எம்புள்ளதானேன்னு சொல்லியிருப்பாங்க.' இப்படி ஒரு வரி சொன்னால் போதும், அவன் உள்ளே வந்துவிடுவான். பதினோரு மாதம் பெரியம்மாவின் வாயால் பேசியவளுக்கு இது ஒரு பெரிய காரியமா? ஜெராக்ஸ் அக்கா குரலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

"ஒரு நாள் சொன்னாங்க. செஞ்சிருந்தா இந்த வாசல்ல கால் வைக்க விட மாட்டேன்னாங்க. எழுத வேணாம்னு சொன்னாங்க, எழுதலை."

அவன் தலையாட்டினான். எதிர்பார்த்த பதில் கிடைத்தவன் போல ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டான். "அந்தத் தாள் இருக்கா?"

கைப்பையில்தான் இருந்தது. வேறு எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கட்டில் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தாள். தாள் மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்து, குரலை அடக்கி வாசித்தாள். அண்ணனுக்குக் கால் வழுக்கவில்லை அம்மா.

"சத்தமா, அக்கா," என்றான் வெளியிலிருந்து. "அம்மாவுக்குக் கேக்காது."

முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான்தான் தள்ளினேன். அவன் சிரித்தான். தள்ளிவிட்டேன். குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். தம்பி, தம்பி என்று கூப்பிட்டான். நான் இறங்கவில்லை. நடுவில் நிறுத்தக் கூடாது என்று எழுதியிருந்ததே, அதனால் நிறுத்தவில்லை. கண்ணீர் தாளில் விழுந்தது, கடைசி வரி வரைக்கும் கத்தி வாசித்து முடித்தாள்.

அவள் தாளை மடித்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்றான்.

அவள் கட்டிலைப் பார்த்தாள். உண்மையாகவே காத்திருந்தாள், திட்டாவது வராதா என்று. "ஒண்ணும் சொல்லலை," என்றாள் கடைசியில். எழுந்து வாசலுக்கு வந்து கையை நீட்டினாள். "நான் சொல்றேன். உள்ள வா."

"நீங்க அன்னைக்கே கைப்பிடின்னு எழுதிச் சொல்லிட்டீங்க, அக்கா." அவன் குரலில் கோபம் இல்லை. துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியே தரையில் உட்கார்ந்தான். "அவங்க சொல்லட்டும். அவசரமில்லை, எனக்கு இருந்து பழக்கம்தான்."

மறுநாள் காலையில் தச்சரும் வக்கீலம்மாவும் குழுவில் மற்றவர்களும் வந்து ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவன் எல்லோருக்கும் மரியாதையாகப் பதில் சொன்னான், எழுந்திருக்கவில்லை. ஜெராக்ஸ் அக்கா உள்ளே முக்காலியில் உட்கார்ந்து, குரல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கதவு இரண்டும் திறந்தேதான் இருந்தன.